வெள்ளிக்கிழமை வைத்த பொட்டு

எங்கள் பகுதி அரசுப் பள்ளியில் ஓர் அறைக்கு மட்டும் இரண்டு பூட்டு. உள்ளே பத்து கம்ப்யூட்டர். ஒரு பூட்டு திருடனுக்கு, இன்னொன்று பிள்ளைகளுக்கு என்று நான் சொல்வேன். கேட்டால் தலைமை ஆசிரியைக்கு முகம் சுருங்கும். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு மவுஸ் காணாமல் போனாலும், ஆய்வுக்கு வருகிறவர்கள் முன்னால் கைகட்டி நின்று பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பூட்டி வைத்த பொருள் உடையாது என்று இருந்துவிட்டார்.

நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்திதான் தலைவியாக வேண்டும், கூட்டத்தில் ஒருத்தியும் கை தூக்கவில்லை. இவளுக்கு வாய் சும்மா இருக்காது என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். மற்றபடி நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவள். கடைந்து வரும் பாகங்களை அளந்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று பிரிப்பது என் வேலை. பதினான்கு வருஷமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

பூட்டைத் திறக்கச் சொல்லி நான் சண்டைக்குப் போனதற்கும் பட்டறைதான் காரணம். எங்களிடம் கம்ப்யூட்டர் வைத்த மெஷின் ஒன்று வந்து இறங்கியது. கைப்பழக்கத்தாலேயே நூலளவு பிசகாமல் கடைகிற ஆட்கள் எல்லாம் அதன் முன்னால் விழித்துக்கொண்டு நின்றார்கள். வெளியிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்து, எட்டுப் பத்து வரி தட்டினாள். மெஷின் சொன்னபடி கேட்டது. "இது பெரிய வித்தையெல்லாம் இல்லக்கா, இஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துக்கலாம்" என்றாள். அன்று ரயிலில் வீடு திரும்பும்போது எனக்கு அந்த இரண்டு பூட்டும்தான் கண் முன்னால் நின்றன. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளும் ஒருநாள் ஒரு மெஷின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

மூன்று கூட்டத்தில் மூன்று சண்டை போட்டேன். கடைசியில் தலைமை ஆசிரியை இறங்கி வந்தார். மூன்று மாதம் சோதனை. பள்ளி விட்டபின் ஆறு மணிவரை கோடிங் வகுப்பு. கம்ப்யூட்டர் டீச்சர் கூட இருக்க வேண்டும். மூன்றாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளைகள் ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும். பெற்றோருக்குப் பிடித்தால் அறை திறந்திருக்கும், இல்லாவிட்டால் பூட்டுதான்.

என் மகளோடு சேர்த்து ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி எட்டாவது படிக்கிற பெண், மற்றவர்களைவிடச் சின்னவள். அவள் அப்பா ஆவடி ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தொடக்கத்திலிருந்தே அவருக்கு இது பிடிக்கவில்லை. "ஆறு மணிக்கு மேல ரயில்வே கேட்டைத் தாண்டி பொண்ணு தனியா வரணுமா? கேட்டு மூடிகீதுன்னா குனிஞ்சி பூந்து வரும். அதுக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் குரலை உயர்த்திச் சமாளித்தேன்.

என்ன செய்வது என்று பெண்கள் யாரையும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் பள்ளிக் கழிவறையில் தண்ணீர் வராது. மாடித் தொட்டி காலியானதைக் கவனித்து மோட்டார் போட ஆள் இருக்காது. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பெண்கள் இருந்தார்கள், என் மகளையும் சேர்த்து. தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போனால் ஆபீஸ் அறையில் மணி அடிக்கும்படி ஒரு பெட்டி செய்தார்கள். சென்சார் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும், இவர்கள் எழுதிய புரோகிராம் அதை வைத்து மணியடிக்கும்.

அவர்களிடம் ஒரு நோட்டு இருந்தது. தப்பு நோட்டு என்று பெயர். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, அடுத்த முறை என்ன செய்யணும் என்று மூன்று கட்டம். மூன்று மாதத்தில் பாதி நோட்டு நிரம்பிவிட்டது. இத்தனை தப்பா என்று நான் மிரண்டுபோனேன். "இத்தனை கண்டுபிடிச்சிருக்கோம்மா" என்றாள் மகள்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் பட்டறையில் மெஷின் ஓட்டும் முன் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவோம். என் மேஜைக்கும் உண்டு. ஆனால் அளக்கிற கருவியில் வைக்க விடமாட்டேன். புதிதாக வந்த பெண் ஒருத்தி பக்தியில் வெர்னியரின் வாயிலேயே சந்தனத்தை அப்பிவிட்டாள். நல்ல பாகமெல்லாம் கெட்டதாய்ப் போயிற்று. நான் திட்டிய திட்டில் அவள் மறுநாள் வேலைக்கே வரவில்லை. அப்படிப்பட்டவள் நான்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு, பூஜையில் மிஞ்சிய சந்தனத்தையும் குங்குமத்தையும் காகிதத்தில் மடித்துக்கொண்டு ரயில் ஏறினேன். பள்ளிக்குப் போனபோது கூட்ட அறையில் ஆளில்லை. பெண்கள், மாடித் தொட்டிக்குப் பதிலாகக் காட்ட வைத்திருந்த சின்ன டிரம்மில் தண்ணீர் நிரப்ப வாளியோடு போயிருந்தார்கள். மேஜை மேல் அந்தப் பெட்டி இருந்தது. முன்பக்கம் வெள்ளி நிறத்தில் இரண்டு வட்டக் கண். புது வண்டியின் ஹெட்லைட் மாதிரியே இருந்தது. எங்களுக்கு எந்தப் புதுப் பொருளையும் பொட்டு வைக்காமல் தொடத் தெரியாது. கட்டை விரலால் ஒவ்வொரு கண்ணிலும் சந்தனத்தை வழித்து வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஆண்டவா, பிள்ளைகளைக் கைவிட்டுவிடாதே என்று கும்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது பெட்டியை டிரம்மின் வாயில் குறுக்குப் பட்டையில் கவிழ்த்து மாட்டியிருந்தார்கள். முப்பது பேர்போல வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டோக்காரர் காக்கிச் சட்டையோடு முதல் வரிசையில் இருந்தார்.

சின்னவள்தான் டிரம்மின் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கீழே வாளியில் விழுந்தது. பாதிக்கு வந்தது. பாதிக்குக் கீழே போனது. மணி அடிக்கவில்லை. டிரம் காலியாகிச் சொட்டத் தொடங்கியது.

"இருங்க, இருங்க" என்று டீச்சர் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டார். பெண்கள் வாளித் தண்ணீரைத் திரும்ப ஊற்றினார்கள். மறுபடி குழாய், மறுபடி தண்ணீர். திரையில் ஒரு எண் அசையாமல் நின்றது. மணி அடிக்கவில்லை.

ஆட்டோக்காரர் எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "மூணு மாசமா ஆறு மணி வரிக்கும் இத்தத்தான் பண்ணிகினு இருந்தீங்களா?" என்றார்.

தலைமை ஆசிரியை மேஜை மேலிருந்த சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். "காலையில நல்லாத்தான் அடிச்சுது. கடைசியா பெட்டியை மாட்டினது யாரு?"

"நான்தான் மிஸ்" என்றாள் சின்னவள்.

என் மகள் யாரையும் பார்க்காமல் திரையில் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "புரோகிராம் ஓடுது மிஸ். நம்பர்தான் மாறல. சென்சாருக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

கண். அது ஹெட்லைட் இல்லை. அது அளக்கிற கருவி. வெர்னியர் வாயில் சந்தனம் அப்பியவளை வேலையை விட்டே ஓடவைத்த நான், என் பெண் செய்த கருவியின் இரண்டு கண்ணையும் கட்டை விரலால் மூடியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவளின் லட்சணம் இது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று மாதமாக இந்த ஆட்களிடம் என்ன வாய் பேசியிருந்தேன். படித்த டீச்சர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. இப்போது நான்தான் கெடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். என்னோடு சேர்த்து அந்த அறையையும் இழுத்து மூடுவார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. வெட்கம், அவ்வளவுதான்.

மகள் டிரம்முக்குள் தலையை விட்டுப் பெட்டியின் அடியைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். நேரே என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் கட்டை விரல் பொட்டு தெரியாதா. வீட்டில் கேஸ் அடுப்பிலிருந்து சைக்கிள் வரைக்கும் அந்தப் பொட்டுதான். அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

சின்னவள் இப்போது சத்தமாகவே அழுதாள். "நான் சரியாத்தான் மாட்டினேன் நைனா" என்றாள். ஆட்டோக்காரர் அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "உடு. போதும். இன்னியோட இந்தக் கிளாசு வேணாம். வா ஊட்டுக்கு."

தலைமை ஆசிரியை தீர்மான நோட்டைத் திறந்தார். அந்தப் பெண் அப்பாவின் பின்னால் வாசல்வரை போய்விட்டது. அங்கே நின்று ஒருமுறை திரும்பி, டிரம்மைப் பார்த்தது.

"அது மேல தப்பு இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னேன். "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நான்தான் கெடுத்தேன். சென்சார் கண்ணுல நான்தான் பொட்டு வெச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஆட்டோக்காரர் திரும்பி வந்தார். சிரிக்கவில்லை, குழம்பிப்போயிருந்தார். "இன்னாக்கா சொல்ற? என் வண்டி லைட்டுக்கு வாராவாரம் வெக்கிறேன். எரியுதே?"

பதில் அவர் மகளிடமிருந்து வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "லைட்டு காட்டுறது நைனா. இது பாக்குறது." பிறகு மெதுவாக, "மாட்டும்போது பொட்டைப் பாத்தேன். பூஜைக்கு வெச்சிருக்காங்கன்னு உட்டுட்டேன்" என்றாள்.

சந்தனம் சென்சார் கண்ணை மூடியிருந்த கம்பிச் சல்லடைக்குள் இறங்கியிருந்தது, துடைத்தும் போகவில்லை. டீச்சரின் டப்பாவில் இன்னொரு சென்சார் இருந்தது. அதைச் சின்னவளே மாட்டட்டும் என்றாள் என் மகள். சின்னவள் ஒரு ஒயரை மாற்றிச் செருகிவிட்டு, தானே கண்டுபிடித்துப் பிடுங்கி, சரியான இடத்தில் செருகினாள். மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். குழாய் திறந்தது. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, திரையில் எண்ணைப் பார்த்தேன். அது மாறிக்கொண்டே வந்தது. பாதிக்குக் கீழே போனதும் மணி அடித்தது.

யாரும் கைதட்டவில்லை. ஆட்டோக்காரர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். கையால் சென்சாரின் கண்ணை மறைத்துப் பார்த்தார். மணி நின்றது. கையை எடுத்தார். அடித்தது. இப்படி மூன்று தடவை.

"அஞ்சரை" என்றார் கடைசியில். "அஞ்சரைக்கு மேல ஒரு நிமிசம் ஆச்சின்னா உள்ள பூந்து இட்டுகினு பூடுவேன்." பையை மகளிடம் கொடுத்தார். தலைமை ஆசிரியை நோட்டில் ஆறு மணி என்று இருந்ததை அடித்துவிட்டு ஐந்தரை என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். சாவிக்கொத்தைத் தன் பைக்குள் போடாமல் டீச்சரிடம் கொடுத்தார்.

மகளும் நானும் கேட்டருகே சரக்கு ரயில் போகும்வரை நின்று, பிறகு நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் தப்பு நோட்டை என் முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

"நீயே எழுது."

எழுதினேன். மணி அடிக்கவில்லை. சென்சாரில் சந்தனப் பொட்டு. அளக்கிற கருவிக்குப் பொட்டு வைக்கக் கூடாது. பக்கத்தில் என் பேரை எழுதப் போனேன். அவள் கையைப் பிடித்தாள்.

"பேரு வேணாம்மா. இதுல யாரு பேரும் எழுத மாட்டோம்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நோட்டை மூடப் போனேன்.

"இன்னொண்ணு எழுதணும்" என்றாள். "நான் குனிஞ்சி பாத்துட்டு உன்னைப் பாத்தேன்ல, அப்பவே உனக்குத் தெரியும். ரெண்டு நிமிஷம் நீ சொல்லல. அதுவரைக்கும் அவ அழுதுகினு இருந்தா."

பேனா கையிலேயே இருந்தது. அடுத்த வரியில், தெரிந்தும் இரண்டு நிமிடம் சொல்லவில்லை என்று எழுதினேன். ஏன் என்ற கட்டத்தில், வெட்கம். மூன்றாவது கட்டத்தில், உடனே சொல்ல வேண்டும்.

அவள் வாங்கிப் படித்துப் பார்த்தாள். சரி என்று நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பசிக்கிறது, சாப்பாடு போடு என்றாள்.