எமிலியானா மிதித்த முந்திரிகை

எமிலியானாவுக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். செருப்புக் கடைக்காரன் அளவு பார்க்கக் காலைத் தொட்டாலே கடை அதிரச் சிரிப்பாள். அதனால் பலெர்மோ நகரின் பல்லரோச் சந்தையில் கண்ணளவில் செருப்பு வாங்கி, பாதிநாள் நொண்டிக்கொண்டு திரிந்தாள்.

மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்தவள், தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் கோடையில் புருஷன் கிறிகோரியோடு உஸ்திகா தீவுக்குக் கப்பலேறினாள். அங்கே கலோஜெரோ என்பவரின் குடும்பத்துக்கு வைனுக்குத் திராட்சை விளையும் ஒரு முந்திரிகைத் தோட்டமும் அதற்குள்ளே ஒரு சாப்பாட்டுக் கடையும் இருந்தன. கிறிகோரி பரிமாறினான். அவள் குசினியில் கத்தரிக்காய் பொரித்தாள்.

அறுவடை நாளில் உல்லாசப் பயணிகளுக்கு முன்னால் தொட்டியில் இறங்கிப் பழம் மிதிப்பது முதலாளியின் மகள்தான். அந்த வருடம், நகப்பூச்சுக் கெட்டுவிடும் என்று அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கலோஜெரோ குசினிக்குள் ஓடிவந்தார்.

"எமிலியானா, காலைக் கழுவிப்போட்டு வா!"

"ஐயோ பத்ரோனே, எனக்குக் கால் கூசும்," என்று முதலாளியிடம் கெஞ்சினாள்.

"பழத்துக்கு விரலே இருக்கு, உன்னைக் கூசப்பண்ண?"

விரல் தேவைப்படவில்லை. முதல் மிதியில் பழம் விரலிடுக்கால் பிதுங்கியது. எமிலியானா உதட்டைக் கடித்துக்கொண்டு பெரிய வெள்ளியின் துக்கத்தை நினைத்துப் பார்த்தாள். இரண்டாவது மிதியில் பெரிய வெள்ளியும் கைவிட்டது. முட்டையிட்ட கோழிபோலக் கேறிச் சிரித்தபடி தொட்டிக்குள் குந்திவிட்டாள்.

கிறிகோரி தட்டத்தை வைத்துவிட்டு ஓடினான். "எழும்பும் எமிலி, சனம் பாக்குது!" என்று கையைப் பிடித்து இழுத்தவன், தலைகுப்புற அவளுக்குப் பக்கத்திலேயே விழுந்தான். பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரருக்குச் சிரிப்புத் தொற்றியது. ஒரு கிழவரின் பொய்ப்பல் ஸ்பகெட்டிக்குள் விழுந்தது.

"இது என்ன வழக்கம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

கலோஜெரோ கண்ணிமைக்காமல் சொன்னார்: "பாட்டன் காலத்து வழக்கம். சிரிச்சு மிதிச்சால்தான் வைன் புளிக்காது."

கதை பரவியது. அடுத்த வருடம், உட்காரவைக்க மாதா கோவிலில் கதிரை இரவல் வாங்கும் அளவுக்குச் சனம். அத்தனை கண்களைக் கண்டதும் எமிலியானாவுக்குக் கால் கூச்சம் எங்கேயோ ஓடிவிட்டது. செத்த வீட்டுக்கு வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு மிதித்தாள்.

"சிரி, பிள்ளை!" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

"வருகுதில்லை, பத்ரோனே. கால் மரக்கட்டையாய்ப் போச்சு."

"இதுவும் ஒரு வேலையே?" சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அவரே குதித்தார். ஒரு மிதிதான். அந்தப் பெரிய மீசைக்குள்ளிருந்து பன்றிக்குட்டியின் கீச்சல் புறப்பட்டது. யாரும் எதுவும் செய்யாமலே "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!" என்று தொட்டி விளிம்பைக் கட்டிப்பிடித்துக் கெஞ்சினார். எமிலியானாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது, வயிறு நோக நோக.

அதற்குப் பிறகு மிதிக்கும் வேலை முதலாளிக்கே போனது. அவர் விழாமல் இடுப்புப் பட்டியைப் பின்னால் பிடித்துக்கொள்ளும் வேலை எமிலியானாவுக்கு. அந்த வைனுக்குக் கடையில் நல்ல கிராக்கி. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போத்தல் அவளுக்கும் கிடைத்தது.

கிறிகோரி கிளாஸில் ஊற்றி நீட்டினான். "கொஞ்சம் குடிச்சுப் பாருமன்."

"நான் மாட்டன். அந்தாளின்ரை காலை நான் கிட்டவா நிண்டு பாத்தனான்," என்றாள் எமிலியானா. "எனக்குச் சோடா போதும்."