ஆறாவது வீட்டு வெடிப்பு

கயத்தாறு தங்கசாமி கொத்தனாருக்கு முப்பது வயது வரை தொழில் கிணறு வெட்டுவது. தம்பி செல்லத்துரை உள்ளே இறங்குவான். அண்ணன் மேலே நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்வார். எண்பத்து மூன்றில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் பக்கம் சரிந்து, தம்பி மண்ணுக்கு அடியில் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, கயிற்றையும் கூடையையும் கேட்டவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கொத்துக்கரண்டியைப் பிடித்தார் தங்கசாமி. அதன்பிறகு இடுப்பளவுக்கு மேல் ஆழமான எந்தக் குழியிலும் அவர் கால் வைத்ததில்லை.

தொண்ணூற்றேழு பங்குனியில் எப்போதும்வென்றான் ஊருக்குத் தெற்கே ஆறு ஓலைக்குடிசைகள் காற்றில் தீப்பற்றிச் சாம்பலாயின. கோவில்பட்டியிலிருந்து ஒரு கிறிஸ்தவ சபையார் ஆறு குடும்பத்துக்கும் செங்கல் வீடு கட்டித் தருவதாக மே மாதம் வந்து இறங்கினார்கள். பதினைந்து பேர். வாத்தியார், நர்சு, பேங்க் கிளார்க்கு என்று எல்லாருமே மண்வெட்டி பிடித்தறியாத கைகள். அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கத்தான் தங்கசாமியைக் கூட்டி வந்தார்கள். கூட்டி வந்தவர் ராஜமணி டீச்சர்; ரிட்டயர் ஆனவர், சபையின் பெண்கள் சங்கத் தலைவி. அதட்டிப் பேசியே பழகிய குரல்.

கத்திரி வெயில். விடிந்ததும் ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பிப்பார்கள். அந்த நேரம் தங்கசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார். பதினோரு மணிக்கு மேல் செங்கல்லைத் தொட முடியாது. கரிசல் பாளம் பாளமாக வெடித்து, சில வெடிப்புகளில் முழங்கை வரை கை போகும். இருபது நாளில் ஐந்து வீடு எழும்பிவிட்டது. ஆறாவது, சீனித்தாய்க்கு. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள் அவள். அவள் வீட்டுக்கான அஸ்திவாரக் குழியை இரண்டு நாள் தோண்டினார்கள். அந்தக் குழிக்குள்ளே, வாசல் வரவேண்டிய இடத்தில், ஒரு வெடிப்பு ஓடியது.

மூன்றாம் நாள் உச்சிவேளை. தார்ப்பாய்க்கு அடியில் பதினைந்து பேரும் வரிசையாக, முகத்தில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார்கள். தங்கசாமி அந்தப் பக்கம் பார்க்காமல் எழுந்து வந்தார். காக்கைச் சத்தம்கூட இல்லை. தூரத்தில் வேலிக்கருவை எல்லாம் கானலில் நெளிந்தது.

வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தானே கல் போட்டு அடைக்கலாம்? குழி முழங்கால் அளவுதான். இறங்கிக் குத்தவைத்து, சுவர் நேர் பார்க்கிற தூக்குக்குண்டை நூலோடு வெடிப்புக்குள் விட்டார். ஆள் உயரத்துக்குள் நின்றுவிடும் என்று நினைத்தார். நூல் போய்க்கொண்டே இருந்தது. நாலு ஆள், ஐந்து ஆள். கையில் சுற்றியிருந்த நூல் முழுக்கத் தீர்ந்து, கடைசி முடிச்சு மட்டும் விரலில் நின்றது.

அப்போது யாரோ கீழேயிருந்து நூலை இழுத்தார்கள்.

வெடுக்கென்று இல்லை, மெதுவாக, ஒரு தரம். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம்.

கிணறு வெட்டுகிறவனுக்கு இரண்டு இழுப்பு என்றால் ஒரே அர்த்தம்தான்: என்னை மேலே தூக்கு.

தங்கசாமி இழுத்தார். நைலான் நூல் விரலை அறுத்து ரத்தம் வந்தது, அவருக்குத் தெரியவில்லை. “இந்தா வந்துட்டேம்லே, இந்தா வந்துட்டேன்” என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. குண்டு மேலே வந்தது. அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

சத்தம் கேட்டு முதலில் வந்தவர் ராஜமணி டீச்சர். “என்ன அண்ணாச்சி, யாரைக் கூப்பிடுதீங்க?”

தங்கசாமி குண்டை நீட்டினார். டீச்சர் வாங்கினார். அந்த வெயிலில் அது ஐஸ் மாதிரி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எண்பதடிக் கிணறெல்லாம் காய்ந்து கிடந்த வருஷம் அது.

“இங்கன வீடு வேண்டாம் டீச்சர். மேக்க தள்ளி வைப்போம்.”

பேங்க் கிளார்க்கு ஜெபராஜ் கொப்புளம் வெடித்த உள்ளங்கையைக் காட்டினான். “ரெண்டு நாளு தோண்டியிருக்கோம் அண்ணாச்சி. கீழ ஏதாவது ஊத்து இருக்கும். அதுக்குப் போயி...”

“ஊத்து நூலப் பிடிச்சு இழுக்குமா தம்பி?”

டீச்சர் மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுக் குழியின் விளிம்பில், மண்ணிலேயே உட்கார்ந்தார். “இப்ப சொல்லுங்க” என்றார்.

பதினான்கு வருஷமாகச் சொல்லாததைத் தங்கசாமி சொன்னார். “அன்னிக்கி நான் கயித்துப் பக்கத்துல இல்ல டீச்சர். பனமரத்துக்கடியில பீடி பத்த வைக்கப் போயிருந்தேன். திரும்பிப் பாக்கேன், கயிறு ரெண்டு தரம் ஆடுது. ஓடி வாரதுக்குள்ள மண்ணு இறங்கிட்டு. கயிறு அசையவே இல்லன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். எங்க அம்மைகிட்டயும் அதத்தான் சொன்னேன்.”

டீச்சர் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு, “ஜெபம் பண்ணட்டுமா?” என்றார்.

“எனக்கு வேண்டாம். அவனுக்குப் பண்ணுங்க. பேரு செல்லத்துரை.”

அந்தப் பேரைச் சொல்லி டீச்சர் ஜெபித்தார். சாயங்காலம் எழுந்து நின்று, வீடு இருபதடி மேற்கே தள்ளி வரும் என்று சபைக்காரர்களிடம் அறிவித்தார். காரணம் சொல்லவில்லை. புதிதாகக் குழி தோண்டினார்கள். ஜெபராஜ் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினான். ஜூன் பாதிக்குள் சீனித்தாய் பால் காய்ச்சிவிட்டாள்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலையில் சீனித்தாய் கதவைத் திறந்தால், பழைய குழி இருந்த இடத்தில் ஒரு மாட்டுவண்டி விழும் அகலத்துக்குப் பூமி உள்வாங்கிக் கிடந்தது. சத்தமே கேட்கவில்லை என்றாள். எட்டிப் பார்த்தவர்களுக்கு வட்டமாகக் கல் அடுக்கிய கிணறு தெரிந்தது. பாதிக்கு மேல் கறுப்பாகத் தண்ணீர். அந்த இடத்தில் கிணறு இருந்ததாக ஊரில் மூத்தவர்கள் யாருக்கும் நினைவில்லை.

தகவல் போய், தங்கசாமி பஸ் ஏறி வந்தார். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டி, “துரை” என்று ஒரு தரம் கூப்பிட்டார். எதிரொலிகூட வரவில்லை. டிராக்டர் டிராக்டராகக் கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்கள். மூடி முடிகிற வரை அவர் நகரவில்லை.

மறுவருஷம் வீடுகளுக்குப் பூச்சு வேலை பார்க்க மே மாதம் சபைக்காரர்களோடு திரும்ப வந்தார். மத்தியானம் சீனித்தாய் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். இந்த உச்சி வெயில்ல தரையில காத வச்சுப் படுத்தா, கீழ யாரோ மம்பட்டி போடுத சத்தம் கேக்குது. பிள்ளையளும் கேட்டிருக்கு.”

தங்கசாமி தம்ளரைக் கீழே வைத்தார். “பயமா இல்லியா தாயி?”

“வேலை செய்யுத சத்தத்துக்கு என்ன பயம்? அதக் கேட்டுக்கிட்டே பிள்ளையள் தூங்கிருதுவ.”

அவர் துண்டை விரித்துக்கூடப் போடவில்லை. அப்படியே சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, காதைத் தரையோடு வைத்துக் கண்ணை மூடினார். மூன்று மணிக்கு ஜெபராஜ் வாசலில் நின்று வேலைக்குக் கூப்பிட்டபோது, “ஏலே, சத்தம் போடாத. செத்த நேரம் இருக்கட்டும்” என்றார்.