மரப்பட்டிக்குப் பின்னால்

புருல்கானுக்குச் சுவர் என்றால் உயிர். பிஷ்கெக் நகரத்து வீடுகளில் முப்பது வருஷமாகப் பூசி, பட்டி பார்த்து, வண்ணம் அடித்துத்தான் தன் ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். வேளை தவறாத தொழுகையும் வேலை செய்யும் வீட்டிலேயே நடக்கும். சாந்துக்கரண்டியும் தொழுகை விரிப்பும் ஒரே பையில்தான் கிடக்கும்.

அவள் வேலைக்கு வந்த புதிதில் எல்லாரும் பூப்போட்ட காகிதம் ஒட்டச் சொன்னார்கள். பிறகு கதவைப் பிடுங்கிவிட்டு வளைவு வைக்கச் சொன்னார்கள். அப்புறம் கூரை ஓரமெல்லாம் தங்கக் கொடி. அது போய், தரையிலிருந்து திரைச்சீலை வரை சாம்பல் நிறம். இப்போது மரப்பட்டி காலம். விரல் அகலப் பட்டிகளைத் தரை முதல் கூரை வரை நெருக்கி நிறுத்தி, கண்ணை உறுத்துவதை எல்லாம் அதன் பின்னால் தள்ளிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட அதிகமாக உறுத்துவது, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர்தான்.

இப்போது வேலை நடக்கும் இரண்டாம் மாடி வீட்டுக்காரி ஜிபார் கோடையிலேயே சொல்லிவிட்டாள். “அக்கா, இந்த ரேடியேட்டரைப் பாருங்க, கிழட்டு அக்கார்டியன் மாதிரி. சம்பந்தி வந்து உட்கார்ந்தா முதல்ல இதுதான் பல்லை இளிக்கும்.”

நடைக்கு ஆளுயரத்தில் கறுப்பாக, ஒல்லியாக ஒரு புது ரேடியேட்டர் வாங்கினாள். விருந்தறைக்கு வாங்கியது பட்டிக்குள் மறைய வேண்டும். பட்டிகள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று, குழாய்களுக்கு நடுவே இருந்த சின்னக் குறுக்குக் குழாயையும் வெல்டரிடம் சொல்லி வெட்டி எடுத்துவிட்டாள். திறந்து மூட ஒரு சிறு கதவாவது வைக்கலாமே என்று புருல்கான் கேட்டபோது, “கோடு உடைஞ்சு போகும்க்கா” என்றாள். புருல்கானும் அதற்குமேல் பேசவில்லை. அவளுடைய வீடு ஊருக்கு வெளியே, புதுக் குடியிருப்பில். அங்கே நிலக்கரி அடுப்புதான். குழாயின் குணம் அவளுக்கு என்ன தெரியும்?

நவம்பர் ஒன்றாம் தேதி, நகரத்து வீடுகளைச் சூடாக்கக் குழாய்களில் வெந்நீர் விட்டார்கள். நான்காம் நாள் காலை, கடைசிப் பூச்சுக்காகப் படியேறிய புருல்கான், மேலே மூன்றாம் மாடி வாசலில் சத்தம் கேட்டு நின்றாள். ஜிபாருக்கு நேர் மேல்வீட்டு ஆய்சுலு, மாடிப்படியில் மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“தோலோகோன் அண்ணே, குழாய்ல காத்தை எடுத்துவிடுங்கன்னு நாலு நாளா கேக்குறேன். சூட்டை நீங்களே வச்சுக்கிட்டு எங்களை விறைக்க விடுறீங்களா?”

ஐந்தாம் மாடியிலிருந்து தோலோகோனின் குரல் இறங்கி வந்தது. முப்பது வருஷம் டிராலிபஸ் ஓட்டிய தொண்டை அது. “வந்து தொட்டுப் பாரு. என் வீட்டுல நாய்கூட கோட்டுப் போட்டுக்கிட்டுத்தான் படுக்குது.”

“காத்து விடுற திருகி உங்க வீட்டுலதானே இருக்கு?”

“திருகி இருக்கு. தண்ணி எங்கே?”

ஆய்சுலுவின் வீட்டுக்குள் குழந்தை அழுதது. பிறந்து பதினாறு நாள். வழக்கப்படி நாற்பது நாள் முடியும் வரை வெளியே எடுத்துப் போகக் கூடாது, வேற்று ஆள் பார்க்கவும் கூடாது. தாய்வீட்டுக்குக்கூடக் கொண்டுபோக முடியாது.

அதற்குள் குழாய் வேலைக்காரர் கென்னாதி வந்துவிட்டார். விரல் முட்டியால் குழாயைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். “கீழே கொதிக்குது, மேலே செத்துக் கிடக்குது. எவனோ அழகு பாக்கப் போய்க் குறுக்குக் குழாயை வெட்டிட்டு, ரேடியேட்டர் திருகியையும் மூடி வச்சிருக்கான். அது இல்லாம மூடினா தண்ணி மேலே ஏற வழியில்ல. ஒரு வீடு இல்ல, மேல்வீட்டு வரிசையே நின்னுரும்.”

ஜிபாரின் வீட்டுக்கும் வந்தார். தரைக்கடியில் மின்சூடு போட்டிருந்ததால் ஜிபார் வெறுங்காலோடு நின்றாள். கென்னாதி பட்டிச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்குள்ள என்ன?”

“எல்லாம் புதுசு. இப்பதான் வெல்டர் வச்சுக் கொடுத்தாரு. கோளாறு இருக்காது.”

“அழகாத்தான் இருக்கு. குழாய்க்குக் கல்லறை கட்டின மாதிரி” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

புருல்கான் தூரிகையோடு மூலையில் நின்றாள். பூசி முடித்த இடத்தையே மறுபடி பூசினாள். 

செப்டம்பரில் குழாய்களைச் சோதிக்கத் தண்ணீர் விட்ட நாள் அவள் கண்முன் வந்தது. ரேடியேட்டர் மூட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகி, அவள் சுவரில் பூசியிருந்த பட்டி மாவு நனைந்தது. வெல்டர் வரும் வரை ஒழுகாமல் இருக்கட்டும் என்று திருகியை மூடியது அவள் கைதான். வெல்டர் மறுநாள் வந்து மூட்டை இறுக்கிவிட்டுப் போனான். அவன் திறந்திருப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் திறந்தானா? தெரியாது. அன்று சாயங்காலமே பலகை அடித்து, மேலே பட்டி நிறுத்தி, ஆணித்தலை தெரியாமல் மெழுகினாள்.

மதியத் தொழுகைக்குச் சின்ன அறையில் விரிப்பைப் போட்டாள். நெற்றியைத் தரையில் வைத்தால் மேல்வீட்டுக் குழந்தையின் அழுகை. எழுந்தால் மூன்றாவது சுற்றா, நான்காவதா என்று நினைவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் தப்பியது. மூன்றாம் முறை தொழுது முடித்தும் நிம்மதி வரவில்லை. விரிப்பை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். அறைக்கும் நடைக்குமாக நாலு தடவை போய் வந்தாள்.

பிறகு மேலே போனாள். கதவை முக்கால்வாசி சாத்தியபடியே ஆய்சுலு பேசினாள். அவளுக்குப் பின்னால் சமையலறையிலிருந்து எரிந்த கேஸ் வாடை வந்தது.

“என்ன வாடை அது?”

“கேஸ் அடுப்புக்கு அடியில ரொட்டி சுடுற பெட்டியைப் பத்தவச்சுத் திறந்து வச்சிருக்கேன் அக்கா. அதுலதான் சூடு. தலை கிண்ணுன்னு இருக்கு, ஆனா வேற வழி?”

“ஜன்னலைக் கொஞ்சம் திறம்மா.”

“திறந்தா குளிரு, மூடினா புகை. நீங்களே சொல்லுங்க, எதை வச்சுக்கிறது?”

புருல்கான் விறுவிறுவென்று கீழே இறங்கினாள். 

ஜிபார் மேசையில் நாளைக்கான தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக் காலை மாப்பிள்ளையின் தாய் வந்து ஜிபாரின் மகளுக்கு நிச்சயத் தோடு போடப் போகிறாள். புருல்கான் நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

ஜிபார் தட்டைக் கீழே வைத்தாள். “உறுதியா தெரியுமா அக்கா?”

“மூடினது தெரியும். திறந்தது தெரியாது.”

“அப்ப ஒருவேளை காரணம் இது இல்லாம இருக்கலாம்.”

“வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

“நாளைக்கு ராத்திரி வெட்டுங்க. அவங்க போனதும் நானே ரம்பம் பிடிக்கிறேன். நாலு நாள் பொறுத்தவங்க இன்னும் ஒரு நாள் பொறுக்க மாட்டாங்களா? என் பொண்ணுக்கு இது ஒரு தடவைதான் அக்கா. மூத்த மருமக வீட்டுல அந்தம்மா சுவரைத் தடவிப் பாத்துட்டு முகத்தைச் சுளிச்சாங்களாம். அவங்களை ஓட்டைச் சுவருக்கு முன்னால உட்கார வைக்கவா?”

ஜிபார் கெட்டவள் இல்லை. புருல்கானுக்கு உள்ளதிலேயே பெரிய ரொட்டித்துண்டைத்தான் எடுத்துக் கொடுப்பாள். அதனால்தான் சொல்வது கஷ்டமாக இருந்தது.

“மேலே கேஸ் அடுப்பைத் திறந்து வச்சு, அந்தப் புகையில குழந்தைக்குச் சூடு காட்டுறாங்க. இன்னும் ஒரு நாள் பொறுங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, ஜிபார். உனக்கும் இல்ல. மூடினவ நான். நான் திறக்கிறேன். சுவர் கெட்டா, கெடுத்தது புருல்கான்னு சம்பந்தியம்மாகிட்டச் சொல்லு.”

“சொல்லத்தான் போறேன்” என்று ஜிபார் சொன்னாள். ஆனால் வழியை மறிக்கவில்லை. தட்டுகளை எடுத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோனாள், தூசி படாமல்.

ஏழு பட்டிகளை அறுத்தெடுத்தாள். பலகையைச் சதுரமாக வெட்டினாள். தன் வேலையின் நேர்த்தி தனக்கே எதிரியாக நின்றது. ஓர் ஆணியும் லேசில் வரவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினாள். திருகியின் பிடி குறுக்காகக் கிடந்தது. மூடியேதான் இருந்தது.

திருப்பினாள். உள்ளே ஒரு முனகல். பிறகு கடகடவென்று சத்தம் மேலே ஏறி, எங்கேயோ அடைபட்டு நின்றது.

ஓசை கேட்டு இறங்கி வந்த கென்னாதி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். வசை எதுவும் சொல்லவில்லை. “குறுக்குக் குழாயை நாளன்னைக்கு வச்சிடலாம். இனிமே காத்தை எடுக்கணும். அது அஞ்சாம் மாடியில. அந்த டிராலிபஸ்காரரு எனக்குக் கதவைத் திறக்க மாட்டேங்குறாரு.”

புருல்கான் ஏறினாள். தோலோகோன் சங்கிலியைக் கழற்றாமலேயே கதவைத் திறந்தார்.

“சூடு திருடினவன் வீட்டுல என்ன வேலை, தங்கச்சி?”

“திருடு இல்ல அண்ணே. கீழே திருகியை மூடினது நான்தான். செப்டம்பர்ல மூடினேன், திறந்தாச்சான்னு பாக்காம சுவரை அடைச்சிட்டேன்.”

சங்கிலி அப்படியே தொங்கியது. “நாலு நாளா இந்தக் கட்டடமே என்னைத் திட்டிச்சு.”

“தெரியும். காலையில படியில நானும் கேட்டேன். கேட்டும் பேசாம இருந்துட்டேன்.”

 பிறகு சங்கிலி கழன்றது. ஒரு தகர வாளியை வைத்துத் திருகியைத் திருப்பினார். சீறல் வந்தது, நிற்கவே நிற்காதது போல. பின் கறுப்புத் தண்ணீர் துப்பியது. பின் ஆவி. கோட்டுப் போட்ட நாய் எழுந்து வந்து வாளியை முகர்ந்தது.

“நான் காத்தை எடுத்திட்டேன்” என்றார் தோலோகோன். “என் மேல வந்த கெட்ட பேரை நீ எடு. ஒவ்வொரு வீடாச் சொல்லிட்டுப் போ.”

“சொல்றேன் அண்ணே.”

நான்காம் மாடியில் சொன்னாள். அந்த வீட்டுக்காரன் நன்றாகக் கேட்கும்படி நாலு வார்த்தை சொன்னான். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். மூன்றாம் மாடிக்கு இறங்கினாள். அங்கே ஆய்சுலு என்ன சொல்வாளோ. உடம்பெல்லாம் பலகைத் தூசி. அதைத் தட்டிவிட்டு, கதவையும் தட்டினாள்.

ஆய்சுலு திறந்தாள். கேஸ் வாடை இல்லை, உள்ளேயிருந்து வெதுவெதுப்பு வந்தது.

“ஆய்சுலு, திருகியை மூடினது...”

ஆய்சுலு உதட்டில் விரலை வைத்தாள். “மெதுவா அக்கா. இப்பத்தான் தூங்குச்சு.”

புருல்கான் குரலைத் தாழ்த்தி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.