சத்து மாத்திரை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். என் கல்யாணத்துக்கு அம்மா ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். புகுந்த வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று, என் பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்து மாமியார் என்னவென்று கேட்டார். "ரத்தம் கம்மிங்க, சத்து மாத்திரை" என்றாள் அம்மா.

அது சத்து மாத்திரை அல்ல. அதற்கு இரண்டு வருடம் முன்பு, போச்சம்பள்ளியில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, யாரும் பேசாத பேச்சு எனக்குக் கேட்க ஆரம்பித்தது. மெஷின் சத்தத்துக்குள்ளிருந்து என்னைத் திட்டினார்கள். ஓசூரில் காட்டினால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். மூளையில் டோபமைன் என்று ஒன்று அளவு மீறி வேலை செய்கிறது, மாத்திரை அதைக் கட்டுப்படுத்தும். ஆனால் சாப்பிட்டால் வரும் திருப்தியிலும் அதற்குப் பங்கு உண்டாம்.

"பசி ஜாஸ்தி ஆகும்மா, வெயிட் ஏறும். பயந்துட்டு நிறுத்தக் கூடாது, ஆய்தா, சரியா?" என்றார்.

பேச்சு நின்றது. பசி நிற்கவில்லை. கல்யாணமாகி ஜவளகிரிக்கு வந்தபின், நாலு உருண்டை களி தின்றுவிட்டு மறுபடி அடுப்படியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே வருடத்தில் கல்யாண ரவிக்கை முழங்கையைத் தாண்டி ஏறவில்லை. பார்த்தவர்களெல்லாம் விசேஷமா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் வந்த இளக்காரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாமியார் கெட்டவர் அல்ல. அதுதான் என் வயிற்றெரிச்சல். அக்கறையில்தான் ஒருநாள் அந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

"உங்கம்மா ஊட்டுல சத்தில்லாம இருந்திருப்ப, சாப்ட்ட. இங்கதான் களியும் பாலும் கெடக்குதே, இன்னும் எதுக்கும்மா இது? ஒடம்பு ஊதிப்போச்சு பாரு."

உண்மையைச் சொன்னால், பைத்தியத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கல்யாணமே முறியும். அம்மாவுக்குப் போன் செய்தேன். "கொஞ்ச நாளு நிறுத்தித்தான் பாரேன், ஒடம்பும் கொறையும்" என்றாள். தன் பொய்யை அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். எனக்கும் இளைக்க ஆசை. அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அட்டையைச் சாக்கடையில் வீசினேன்.

இரண்டு மாதத்தில் நன்றாக இளைத்தேன். முதலில் தூக்கம் போனது. பிறகு பேச்சு திரும்பி வந்தது, சோற்றில் விஷம் இருக்கிறது என்றது. நான் சாப்பிடவில்லை. ஊரே பூரித்துப்போனது. என்ன டயட் என்று நாத்தனார் கேட்டாள். அவள் கல்யாணத்தில் எனக்குப் பட்டுப்புடவை கட்டி, என் வீட்டுக்காரரோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த வாரம், செருப்பில்லாமல் காட்டு ரோட்டில் ஓடிய என்னை நாலு பேர் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அம்மா வந்து அழுது எல்லாவற்றையும் கொட்டினாள். கல்யாணம் முறியவில்லை. மாத்திரையும் திரும்ப வந்தது, எடையும் ஒரு கிலோ குறையாமல் திரும்ப வந்தது. இப்போது பெங்களூருக்கு அவர்தான் கூட்டிப்போகிறார். குறை சொல்லக் கூடாது.

ஆனால் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அப்ப எப்டி லட்சணமா இருந்தா பாருங்க" என்று காட்டுவார். அதை எடுத்த அன்று, பக்கத்தில் நிற்கிற ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது.