ஆடி மாசத்துச் சாரட்டு

ஆடி மாசத்தில் எவராவது கல்யாண சாரட்டை வாடகைக்குப் பிடிப்பார்களா? நான் பிடித்தேன். வெள்ளைக் குதிரை, சிவப்பு வெல்வெட் சீட்டு, குஞ்சம் என்று வண்டி வந்து நின்றதும் எங்கள் தெருவே மூக்கில் விரல் வைத்தது. வைக்கட்டும். அவர்களுக்கென்ன, அவரவர் வூட்டுக்காரர் அவரவரோடு பேசுகிறார்.

என் வூட்டுக்காரருக்கு மூளையில் அடைப்பு வந்ததிலிருந்து பேச்சே இல்லை. நடப்பார், சாப்பிடுவார், என் முகத்தைச் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். "அவருக்குப் பிடிச்சதைக் காட்டுங்கம்மா, எங்கயாச்சும் பொறி தட்டும்" என்றார் டாக்டர். இந்த மனுஷனுக்குப் பிடித்தது எது என்றால், தர்மபுரியில் வெள்ளைக்காரன் விட்டுப்போன செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கல்யாணமான புதிதில் ஊரார் எல்லாம் ஒகேனக்கல் போனார்கள்; நான் துரையின் குதிரை லாயத்தைப் பார்க்கப் போனேன். "ஒரு நாள் துரை மாதிரி குதிரை வண்டியிலயே உன்னைச் சுத்திக் காட்டறேன் பாரு புள்ள" என்பார். சரி, நானே காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஒரே ஒரு தடவை "ஏ புள்ள" என்று கூப்பிட்டால் போதும் எனக்கு.

வண்டிக்காரர் நல்லம்பள்ளிப் பக்கத்து ஆள். நாங்கள் இருவரும் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். எதிர் சீட்டு காலி. கடைத்தெருவைத் தாண்டியதும் ஒரு கல்யாண மண்டபத்து வளைவு முன்னால் குதிரை டக்கென்று நின்றுவிட்டது.

"பழக்கமுங்க. வளைவைப் பாத்தா பொண்ணு மாப்பிள்ளை ஏறுவாங்கன்னு நிக்கும். ஆள் ஏறி வண்டி அமுங்கினாத்தான் நகரும்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரர் இறங்கிவந்து பின்படியில் ஏறி ஓர் அமுக்கு அமுக்கினார். குதிரை கிளம்பிவிட்டது. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் தொற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவர் சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் கச்சேரியைக் காட்டினேன். கூரையில் அரசமரம் முளைத்துக் கிடந்த துரை பங்களாவைக் காட்டினேன். முன்னே இவர் எனக்குச் சொன்ன கதைகளையே வேண்டுமென்று தப்புத் தப்பாகச் சொன்னேன், பொறுக்காமல் திருத்துவாரென்று. ஊஹூம். தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

கடைசியாக வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. கல்லறை வாசலில் ஒரு செங்கல் வளைவு. குதிரை நின்றது. வண்டிக்காரர் போய்ப் படியை அமுக்கினார். நகரவில்லை. இன்னொரு தடவை அமுக்கினார், அதட்டினார், முன்னால் போய்க் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். குதிரை காதை மட்டும் வளைவுப் பக்கம் திருப்பிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் நின்றுபோனது. உள்ளே காய்ந்த புல்லும் சாய்ந்த கற்களும்தான். ஈ காக்கை இல்லை.

இவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

"ஏறுங்கம்மா," என்றார். "எடம் இருக்குதுங்க."

அவர் குரலேதான். ஐயோ, நான் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? நினைத்து முடிப்பதற்குள் வண்டி பின்பக்கமாக ஒரு தடவை அமுங்கியது. வண்டிக்காரர் குதிரைக்கு முன்னால் நின்றிருந்தார். படியில் யாரும் இல்லை. குதிரை நடக்க ஆரம்பித்தது.

வண்டிக்காரர் தாவி ஏறினார். அப்புறம் திரும்பியே பார்க்கவில்லை. முனியப்பனைக் கூப்பிடுகிற முணுமுணுப்பு மட்டும் கேட்டது. நான் இவர் பக்கமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். இவரோ எதிர் சீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். கச்சேரி, பங்களா, லாயம், ஒன்று விடவில்லை. நான் தப்பாகச் சொன்னதையெல்லாம் அந்தச் சீட்டிடம் திருத்தினார்.

பயத்தையும் மீறிக்கொண்டு எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்தேன். "இங்க பாருங்க. நான் யாருங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதிர் சீட்டுப் பக்கம் சாய்ந்து, என் காதில் விழுந்துவிடக் கூடாது என்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருன்னு தெரியலீங்கம்மா. பாவம், ரொம்ப நாளா கூடவே வராங்க."

வூட்டு வாசலில் நான் இறங்கினேன். இவரும் இறங்கினார். இறங்கியவர் திரும்பி நின்று, படியில் யாரையோ தாங்கி இறக்குகிற மாதிரி கையை நீட்டினார். வண்டி லேசாக மேலெழும்பியது.

இப்போது தினமும் பேசுகிறார். டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். காலையில் மூன்று டம்ளர் காபி போடுகிறேன். இரண்டு போட்டால் அவர் குடிப்பதில்லை. மூன்றாவதை அவருக்கு எதிரே கிடக்கும் காலி நாற்காலிக்கு முன்னால் வைக்கும்போது, அவருக்குக் கேட்காமல் நானும் இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

"நீ சொன்னா கேப்பாரு தாயி. நான் யாருன்னு ஒரு தடவை அவர்கிட்ட சொல்லேன்."