மன்றம் ரோமர் கோயிலுக்குப் போன நாள்

எங்கள் தமிழ் மன்றத்துத் தலைவரை எனக்கு இருபத்திரண்டு வருடமாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற எசன் நகரத்தில் கலியாணமோ, செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோ, பூப்புனித நீராட்டு விழாவோ, எதுவானாலும் ஒலிவாங்கியை யாராவது மேசையில் வைத்துவிட்டு மூக்குச் சிந்தத் திரும்பினால் போதும், அதை எடுத்துவிடுவார். எடுத்தால் வைக்க மாட்டார். "அன்பான உறவுகளே" என்று தொடங்கினால் சோறு ஆறி, குழந்தைகள் அழுது, ஐயர் மணிக்கூட்டைப் பார்க்கும் வரை போகும். உலகத்தில் எதைக் காட்டினாலும் அது நம்முடையது என்பார். நான் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் திருத்துவேன். வயதில் மூத்தவர் என்பதால் நானும் வாயால் தலைவர் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் கூப்பிடுவதை இங்கே எழுத முடியாது.

மற்றவர்களைப் பிடிக்குமா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. என் மகள் தொல்லியல் படிக்கப் போகிறாள் என்று தெரிந்த நாளில் இருந்து அந்தச் சனம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. "மருத்துவம் கிடைக்கேல்லையோ?" என்று ஒரு அக்கா கேட்டா. "மண் கிண்டுறதுக்கும் ஒரு படிப்போ?" என்று அவவின் புருசன் கேட்டார். நடுவில் அவள் மெக்சிக்கோவுக்குப் போய் மாயா மக்களின் பழைய நகரம் ஒன்றில் ஆறு மாதம் வேலை செய்துவிட்டு வந்தாள். அங்கே ஒரு பெரிய படிக்கட்டுக் கோபுரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இது எந்தக் கோயில்? என்ன சாமி?" கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பலகாரத் தட்டைப் பார்ப்பார்கள். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று படிப்பித்த பிள்ளை அவள். எனக்கு வயிறு எரியும்.

கடைசியில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. எசனில் இருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் ரைன் ஆற்றுப் பக்கம் ரோமர் காலத்து இடிபாடுகள் இருக்கின்றன. அங்கே வழிகாட்டி வேலை. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரமாக வைப்பார்கள், இல்லையென்றால் போ என்பார்கள். அந்த ஆறாவது மாதத்தில் அவள் தன் மேலதிகாரியிடம் போய், தமிழிலும் சுற்றிக் காட்டலாம், இந்த மாநிலத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். மேலதிகாரி ஒரு நெட்டைப் பெண்மணி, சிரிக்கத் தெரியாதவர். ஒரு குழுவைக் கொண்டு வா, நான் கூட நின்று பார்க்கிறேன், அதன் பிறகு உன் விஷயத்தை முடிவு செய்வோம் என்றிருக்கிறார். ஆக, என் மகளின் வேலை அந்த ஒரு நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

குழுவுக்கு நான் எங்கே போவேன்? அந்த மன்றத்திடம்தான் போனேன். வருடா வருடம் ஒல்லாந்துக் கடற்கரைக்குப் போய்க் கோழிப் புரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிற கூட்டத்தை, ஒரு முறை கல்லையும் பாருங்கோ என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். மகள் மட்டும் முதல் நாளே தொலைபேசியில் கண்டிப்பாகச் சொன்னாள். "அம்மா, நீங்கள் என்ர அம்மா எண்டு அங்க காட்டாதேங்கோ. சொந்தக்காரரைச் சேர்த்துக்கொண்டு வந்தன் எண்டு நினைப்பினம்." சரி என்றேன்.

பதினொரு மணிக்கு டெர்மின், எங்களுக்குக் குறித்துத் தந்த நேரம். எட்டுக்குப் புறப்பட வேண்டிய பஸ்ஸை எங்கள் ஆட்களுக்கு ஏழு என்று சொல்லியிருந்தேன். அவர்களுக்கும் என்னைத் தெரியும் என்பதால் ஒன்பதுக்கு வந்தார்கள். பிறகு தலைவர் பஸ்ஸுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். சக்கரங்களுக்குக் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். ஜெர்மன்கார ஓட்டுநர் இறங்கி வந்து, ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, நாலையும் பொறுக்கித் துடைத்து எங்களிடமே தந்தான். தலைவர் திரும்பவும் வைத்தார். அந்த மனிதன் திரும்பவும் எடுக்கக் குனிந்தான். மீதிக் கற்பூரத்தையும் லைற்றரையும் "பிடியுங்கோ தங்கச்சி" என்று என் கையில் திணித்துவிட்டு, தலைவர் அவனுக்கு விளக்கம் சொல்லப் போனார். நான் அவற்றைக் கைப்பைக்குள் போட்டேன். போய்ச் சேரும்போது பதினொன்று பத்து.

மகள் சாம்பல் நிற மேலங்கியோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் மேலதிகாரி, கையில் குறிப்புப் புத்தகம். பன்னிரண்டரைக்கு அடுத்த குழு இருக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டும் என்றார். எங்கள் கூட்டமோ இறங்கியதும் கழிப்பறைக்கு வரிசை கட்டியது. அது முடிந்ததும் வடைப் பெட்டி திறந்தது. மகள் புன்னகை மாறாமல் நின்று, ஒன்றையும் தொடவேண்டாம் என்று முதலிலேயே தெளிவாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதலில் குளியல் மண்டபம். "இது சுடுதண்ணி குளிக்கிற இடம். நிலத்துக்குக் கீழ நெருப்பெரிச்சு, மேல தரையைச் சூடாக்கினவை" என்று மகள் அழகாகச் சொன்னாள். அவள் மூச்சு விடுவதற்குள் தலைவர் முன்னால் வந்துவிட்டார். "அன்பான உறவுகளே, பிள்ளை சொல்லுறது என்னெண்டால், இது ஒரு நீராட்டு மண்டபம்." தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்த்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். அதோடு விட்டாரா? "உந்த அறிவெல்லாம் எங்கட ஆக்களிட்ட இருந்து போனது. மிளகு வாங்க வந்த ரோமர் சும்மா மிளகோட மட்டும் திரும்பிப் போனவையே?" எங்கள் வெயிலுக்குச் சூட்டுத் தரை எதற்கு என்று கேட்க வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை, நானோ மகளுக்காக அன்று அடங்கி நின்றேன். சிலர் கைதட்டினார்கள். மேலதிகாரி இதையெல்லாம் பார்த்து எதையோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

மருத்துவம் கிடைக்கவில்லையா என்று கேட்ட அக்கா, போய் ஒரு சுவரில் ஏறி இருந்து கால்களை ஆட்டிக்கொண்டு வடை சாப்பிட்டா. "அன்ரி, அதில இருக்க ஏலாது. அது ஆயிரத்தெண்ணூறு வருசம் பழசு" என்றாள் மகள். "அதுக்கென்ன பிள்ளை, பலமாத்தான் கிடக்கு" என்றா அந்த அக்கா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய அம்மா நான் இல்லை என்பதுபோல் அங்கே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியாகக் கோயிலுக்கு வந்தோம். கோயில் என்றால் நாலு அடித்தூணும் ஒரு படியும்தான். ஒரு சின்னக் கூரைக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நின்றது. மகள் அதன் அருகில் போய்க் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"இது பலிபீடம். மேல ஒரு குழி இருக்கு, பாருங்கோ. இதுக்குள்ளதான் நெருப்பு வைச்சு வாசனைப் பொருள் போட்டு எரிச்சவை. இதில லத்தீனில எழுதியிருக்கிறதை நான் வாசிக்கிறன். ஒரு தகப்பன் நேர்த்தி வைச்சிருக்கிறார். நேர்த்தி பலிச்சிட்டுது. அதால சொன்னபடி, மனச்சந்தோசத்தோட, நேர்த்தியைத் தீர்க்கிறன் எண்டு எழுதி இந்தக் கல்லை வைச்சிருக்கிறார்."

வடை தின்ற வாய்கள் நின்றன. ரோமர், தூண், வெந்நீர் என்று இவ்வளவு நேரம் சொன்னது எதுவும் அந்தக் கூட்டத்துக்குள் இறங்கவில்லை. நேர்த்தி என்றால் என்னவென்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். விசா வந்தால் காவடி என்றும், பிள்ளை பிறந்தால் முடியிறக்குவேன் என்றும் வைத்தவர்கள்தானே எல்லோரும். ஒரு மனுசி செருப்பைக் கழற்றினா. அவவைப் பார்த்து நாலைந்து பேர் கழற்றினார்கள். தலைவர்கூட வாயைத் திறக்கவில்லை. மேலதிகாரி எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து, இந்தச் சனம் ஏன் இப்படி அமைதியானது என்று பார்த்தார்.

"எப்பிடிக் கதைக்கிறா பாரன்" என்று சுவரில் இருந்த அக்கா பக்கத்தில் நின்றவவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நான் உதை ஏதோ மண் கிண்டுற வேலை எண்டெல்லோ நினைச்சன். கெட்டிக்காரி. நல்ல வடிவும்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு வருட எரிச்சலுக்கும் அந்த ஒரு நிமிஷம் போதும் என்று இருந்தது. அடுத்த நிமிஷம் பயம் பிடித்தது. இந்த நாற்பத்தெட்டுப் பேரின் கண்ணும் என் பிள்ளையில்தானே நிற்கிறது. அதுவும் இந்த அக்காவின் வாய். கண்ணூறு, நாவூறு பட்டால் இந்த மாதக் கடைசியில் அவளின் வேலை என்ன ஆகும்?

கூட்டம் அருங்காட்சியகக் கடைப் பக்கம் நகர்ந்தது. நான் பின்தங்கினேன். கைப்பைக்குள் கற்பூரம் இருந்தது. நிலத்தில் வைத்துக் கொளுத்தலாம் என்றால் சரளைக் கல், காற்று வேறு. கல்லைப் பார்த்தேன். நெருப்பு வைக்கிற குழி என்று அவளே சொன்னாளே. அதற்கென்று செய்த இடத்தில்தானே வைக்கிறேன் என்று நினைத்தேன். கற்பூரக் கட்டியை எடுத்து, தூரத்தில் போகிற என் பிள்ளையின் முதுகுப் பக்கம் மூன்று முறை சுற்றி, குழிக்குள் வைத்துக் கொளுத்தினேன். நன்றாகப் பிடித்தது. கரும்புகை நேராகக் கூரைக்குப் போனது. அப்போதுதான் குழியின் விளிம்பு கறுப்பதைக் கண்டேன்.

காவலாளி எங்கோ இருந்து கத்திக்கொண்டு ஓடி வந்து தன் மேலங்கியால் அமுக்கினான். அவனுக்குப் பின்னால் மேலதிகாரி, அவருக்குப் பின்னால் என் மகள். மகளின் முகத்தில் ரத்தமே இல்லை. "இதை யார் செய்தது?" என்று மேலதிகாரி ஜெர்மனில் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. லைற்றர் என் கைப்பைக்குள் போய்விட்டிருந்தது. நான் என்று சொன்னால் அடுத்த கேள்வி பெயர். பெயரைச் சொன்னால் மகளின் மேலங்கியில் குத்தியிருக்கிற பெயர் அட்டையிலும் அதே குடும்பப் பெயர்தான். நான் கைப்பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"நான்" என்றது ஒரு குரல். தலைவர். அந்தக் கல்லோடு நின்று படம் எடுக்க அவரும் பின்தங்கி, தூணுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அகதி முகாமில் பழகிய அந்த உடைந்த ஜெர்மனில், ஒரு முறையாவது சுருக்கமாகப் பேசினார். நான்தான் கொளுத்தினேன், மன்றத்தின் தலைவர் நான், தொடவேண்டாம் என்று அந்தப் பெண் தெளிவாகச் சொன்னா, நான்தான் கேட்கவில்லை என்றார். நிமிர்ந்து நின்று சொன்னார். அவர் மேடையில் அவிழ்த்துவிட்ட ஒவ்வொரு புளுகையும் திருத்திய என் வாய், அந்தப் புளுகைத் திருத்தவில்லை.

அவரை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயர், முகவரி எல்லாம் எழுதினார்கள். நாங்கள் பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். "இந்தாளுக்குப் போற இடமெல்லாம் வில்லங்கம்" என்று பஸ்ஸுக்குள் அவரைத் திட்டாத ஆள் இல்லை. நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இந்த வாசலுக்குள் கால் வைக்கக்கூடாது என்ற ஒரு கடிதத்தோடு தலைவர் வந்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் இருக்கையைக் கடக்கும்போது குனிந்தார். "பையைப் பூட்டி வையுங்கோ தங்கச்சி. கற்பூரம் மணக்குது."

கறை போய்விட்டது. ஏதோ மருந்து போட்டுத் துடைத்தார்களாம். மாதக் கடைசியில் மகளுக்கு வேலை நிரந்தரமானது. அந்தக் குழு அப்படி அமைதியாக நின்று கேட்டதையும், பிறகு நடந்ததை அவள் பதறாமல் சமாளித்ததையும் மேலதிகாரி எழுதியிருந்தாராம். "தலைவர் மாமா ஏனம்மா அப்பிடிச் செய்தவர்?" என்று மகள் கேட்டாள். "அவருக்கு மூளை பிழை" என்றேன். சொன்ன அந்த நிமிஷமே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

அந்த மனிதரை எனக்கு இப்போதும் பிடிக்காது. முன்னைவிட மோசம். ஒருவருக்கு இவ்வளவு கடமைப்பட்டுக்கொண்டு அவரை வெறுப்பது பெரிய வேலை. போன மாதம் ஒரு கலியாண மண்டபத்தில் மகளோடு இருந்தேன். யாரோ ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டார்கள்.

"அன்பான உறவுகளே, ரோமர் இடத்துக்குள்ள என்னை இனி விடமாட்டினமாம். ஏன் தெரியுமே? அந்தப் பலிபீடத்தில இருக்கிறது எங்கட பழைய எழுத்து எண்டதை நான் கண்டுபிடிச்சிட்டன். அதை வெளியில விடாமல் இருக்கத்தான் இந்தத் தடை." மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தவர் என்னைக் கண்டுகொண்டார். "தங்கச்சியும் பக்கத்தில நிண்டவ. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ. சரிதானே தங்கச்சி?"

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

"ஓம் அண்ணை" என்றேன்.

அந்தக் கல்லை எழுத்துக் கூட்டி வாசித்த என் மகள் மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அந்த மனிதருக்கு என் வாயில் இருந்து ஒரு ஓம் வந்ததை அவள் நினைவு தெரிந்த நாளில் இருந்து கேட்டதில்லை. பிறகு என் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தாள்.