வானிலை வாசிப்பவர் எடுத்த பாலியல் வகுப்பு

அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரையில் உள்ள டுலூத் நகரத்தில் வெண்டெல் புரூசெக்கின் முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர்கள் கிடையாது. உள்ளூர் வானொலியில் பல வருடங்களாகக் காலை வானிலை வாசிப்பவர் அவர். ஏரிக்காற்று இன்று காதை அறுத்துக்கொண்டு போகும் என்பதைக்கூட, காபி ஆறிவிட்டது என்று சொல்வதுபோல் நிதானமாகச் சொல்வார். அந்தக் குரலை நம்பி ஊரே கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டது.

ஆனால் இடுப்புக்குக் கீழே உள்ள எதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தாலும் அதே குரல் அவரை அம்போ என்று விட்டுவிடும். ஒருமுறை சிறுநீர்ப்பாதையில் கோளாறு வந்து மருத்துவரிடம் போனபோது, "தென் மாவட்டங்கள்ல லேசான வலி" என்றுதான் சொல்ல முடிந்தது. மருத்துவர் வெகுநேரம் அவருடைய முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயது ஐம்பத்தேழு. மனைவி ஜூடித் விவாகரத்து வாங்கிக்கொண்டு வெயிலைத் தேடி அரிசோனாவுக்குப் போய்ப் பல காலம் ஆகிறது. "வானிலைக்காரன் பொண்டாட்டி வானிலை பிடிக்காம போயிட்டா" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதைவிடத் தானே சொல்லிச் சிரித்துவிட்டால் வலி குறைவு என்பது அவர் கண்ட சிக்கனம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யூனிடேரியன் சபைக்குப் போவார். கடவுளைப் பற்றி ஆளுக்கொரு கருத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிற சபை அது. பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று கீழ்க்குரலில் பாடுவது வெண்டெலின் வேலை. அந்தச் சபையில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் பாலியல் கல்வி வகுப்பு நடக்கும். எப்போதும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்துதான் நடத்த வேண்டும், ஒருவர் ஆணாக இருக்க வேண்டும் என்பது சபையின் விதி. அந்த வருடம் ஆண் ஆசிரியர் ஊரைவிட்டே மாறிப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போதகர் இமோஜென் வெண்டெலிடம் வந்தார். அப்போது வெண்டெலின் வாய் நிறைய எலுமிச்சைக் கேக்.

"வெண்டெல், நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கணும். நீங்க பேசினா யாரும் பதற மாட்டாங்க. செய்வீங்களா?"

வானிலையைப் பற்றிய வகுப்பாக்கும் என்று நினைத்துப் பெருமிதத்தோடு தலையாட்டினார். கேக் தொண்டையில் இறங்குவதற்குள் போதகர் கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன வகுப்பு என்பதைச் சொன்னது பெட்டினா. அவள்தான் இன்னொரு ஆசிரியை. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், அறுபதைத் தாண்டியவள், எதற்கும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"ஏம்ப்பா, முகம் ஏன் இப்படி வெளுக்குது? பிள்ளைங்களுக்கு உடம்பப் பத்தியும் மனசப் பத்தியும் உண்மையச் சொல்லித் தரப்போறோம். குண்டு வைக்கவா போறோம்?"

"குண்டுன்னா பரவாயில்ல பெட்டினா. அத நான் வாசிச்சிடுவேன்."

வகுப்பு எடுப்பவர்களுக்கு முதலில் பயிற்சி உண்டு. வேறு ஊர்ச் சபை ஒன்றில் வட்டமாக உட்காரவைத்து, உடல் உறுப்புகளின் பெயர்களை ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகள் முன்னால் நாக்கு குழறக் கூடாதாம். வெண்டெலின் முறை வந்தது. வேறு வழி தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு வானொலிக் குரலை எடுத்தார். "ஆண்குறி" என்ற சொல், மேற்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்போல் கம்பீரமாக வெளியே வந்தது. பயிற்சியாளரே நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தார். அவமானம்தான், ஆனால் சொல்லிவிட்டார் அல்லவா?

ஜனவரியில் சபையின் கீழ்த்தள அறையில் பழைய சோபாக்களில் ஏழு பிள்ளைகள் வந்து விழுந்தார்கள். வெண்டெல் வாயைத் திறந்த உடனே டேவின் என்கிற நெட்டைப் பையன் துள்ளி எழுந்தான்.

"ஐயோ, பனி லீவு சொல்றவர் இவருதான்! எங்க ஸ்கூலுக்கு லீவுன்னு சொன்ன வாய் இது!"

அதோடு வெண்டெலின் கௌரவம் ஒரேயடியாக ஏறியது, உடனே இறங்கவும் செய்தது. பருவ வளர்ச்சி, மாதவிலக்கு, கருத்தரிப்பு, எல்லாவற்றையும் வானிலைக் குரலில்தான் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். அவரும் சொன்னார். முப்பது வருடம் உழைத்து வளர்த்த குரல் கடைசியில் கருமுட்டைக் குழாயை வர்ணிக்கப் பயன்படுகிறதே என்று தோன்றும். ஆனால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், சிரித்தபடியே கேள்விகளும் கேட்டார்கள். அவருக்குத் தெரியாததைப் பெட்டினா சொன்னாள். பெட்டினாவுக்கும் தெரியாததை அடுத்த வாரம் தெரிந்துகொண்டு வந்து சொன்னார்கள். சில விஷயங்களை வெண்டெல் பிள்ளைகளோடு சேர்ந்து அப்போதுதான் முதல்முறையாகக் கற்றார். கல்யாணம் ஆகிக் குடும்பம் நடத்தியவர் அவர்! முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் மண்டையை ஆட்டினார்.

பிப்ரவரியில், ஒருவரிடம் விருப்பத்தைச் சொல்வதும் மறுப்பை ஏற்றுக்கொள்வதும் எப்படி என்ற பாடம் வந்தது. பெரியவர்கள் இருவரும் முதலில் நடித்துக் காட்ட வேண்டும். வெண்டெல் கேட்பவர். பெட்டினா மறுப்பவள்.

"சனிக்கிழமை என்னோட சாப்பிட வர்றீங்களா?" என்று வெண்டெல் கேட்டார்.

"இல்ல, வேண்டாம்" என்றாள் பெட்டினா.

நடிப்புதான் என்று தெரிந்தும் வெண்டெல் படபடவெனப் பேச ஆரம்பித்தார். "ஐயோ மன்னிச்சிடுங்க. நான் கேட்டிருக்கவே கூடாது. சும்மாதான் கேட்டேன். என்னைப்போய் யாரு… தப்பா நினைக்காதீங்க. நான் ஒரு முட்டாள்…"

பெட்டினாவே இளகிவிட்டாள். "சேச்சே, அப்படியெல்லாம் இல்லப்பா. நீ நல்லவன்தான். வேணும்னா ஒரு காபி…"

"நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கேட்டது. சுன்னிவா. அதுவரை அதிகம் பேசாத பெண். "அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இப்ப அவங்களே உங்களச் சமாதானப்படுத்திட்டு இருக்காங்க. உங்களுக்கு ஆறுதல் சொல்றது அவங்க வேலையா?"

அடக்கமாக இருப்பதாகத்தான் வெண்டெல் இத்தனை நாளும் தன்னைப்பற்றி நினைத்திருந்தார். சுன்னிவா சோபாவின் கிழிந்த ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே பேசினாள்.

"ஸ்கூல் நடன விழாவுக்கு ஜோடியா வான்னு ஒருத்தன் கூப்பிட்டான். மாட்டேன்னேன். நான் அசிங்கமா இருக்கேன்ல, என்னை யாருக்கும் பிடிக்காதுல்லன்னு ஒரு வாரம் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரிஞ்சான். எல்லாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரின்னாங்க. கடைசில போனேன். நாள் பூரா அவன் சந்தோஷமா இருக்கானான்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

பெட்டினா மெதுவாகக் கேட்டாள்: "அவன் என்ன சொல்லியிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்கும்மா?"

"சரி, சொன்னதுக்கு நன்றின்னு சொல்லிட்டு வேற எதையாவது பேசியிருந்தாப் போதும். அவ்வளவுதான்."

அதையே அன்றைய பயிற்சியாக்கினார்கள். சோடி சோடியாக உட்கார்ந்து 'பீட்சா வேண்டாம்', 'சினிமா வேண்டாம்', 'உன் நாயைப் பார்க்க வர மாட்டேன்' என்று மறுத்தார்கள், மறுக்கப்பட்டார்கள். சலித்துப்போகும் வரை செய்தார்கள். வகுப்பிலேயே மோசமான மாணவர் வெண்டெல்தான். அவருக்கு மட்டும் பெட்டினா கூடுதல் பயிற்சி கொடுத்தாள்.

அவருக்கு அது தேவைப்பட்டது. பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்கும் லெனோர் என்ற கால்நடை மருத்துவரை அவர் நெடுநாளாக மனதுக்குள் நேசித்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. கண்ணியம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். உண்மையில் பயம். முன்பு ஒருமுறை வங்கியில் வேலை பார்த்த பெண்ணிடம் கேட்டு, அவள் மறுத்ததும் வங்கியை மாற்றினார். பிறகு நூலகரிடம் கேட்டுவிட்டுப் படிப்பதையே விட்டார். லெனோரும் மறுத்தால் சபையையும் விட வேண்டிவரும். அப்புறம் போக்கிடமே இல்லை.

ஒரு வியாழக்கிழமை, பாட்டுப் பயிற்சி முடிந்து இருவரும் அவரவர் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். வெண்டெல் சுரண்டுவதை நிறுத்தினார்.

"லெனோர், ஒருநாள் என்னோட சாப்பிட வர்றீங்களா? நண்பராக் கேக்கல. அதுக்கு மேல."

அவள் கையுறையைத் தட்டிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "இல்ல வெண்டெல். எனக்கு அப்படித் தோணல."

பழைய சொற்கள் எல்லாம் தொண்டைக்குள் வரிசைகட்டி நின்றன: மன்னிச்சிடுங்க, முட்டாள், சும்மா, மறந்துடுங்க. அவற்றை விழுங்கினார். பனிக்காற்றும் கூடச் சேர்ந்து உள்ளே போனது.

"சரி. நேராச் சொன்னதுக்கு நன்றி." பிறகு, உலகத்தில் பேசுவதற்கு வேறு என்னதான் இருக்கிறது என்று தேடி, "உங்க கார் ஹீட்டர் சரியாயிடுச்சா?" என்றார்.

லெனோரின் தோள்கள் தளர்ந்தன. "எங்க? வலது கால் மட்டும் வேகுது, இடது கால் உறையுது" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் ஹீட்டரைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்து காட்டரிசி சூப்பைச் சுடவைக்காமலே குடித்தார். வலித்தது. இரண்டு நாள் வானிலை வாசிக்கும்போது மேகமூட்டத்தைத் தேவைக்கு மேல் அழுத்திச் சொன்னார் என்று நிலையத்தில் முணுமுணுத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய்த் தன் இடத்தில் நின்று பாடினார். லெனோர் திரும்பி, "பக்கம் தள்ளிப் போயிட்டீங்க" என்று பாட்டுப் புத்தகத்தைச் சரிசெய்தாள். அவ்வளவுதான். உலகம் இடிந்து விழவில்லை. இது இவ்வளவு மலிவாக முடியும் என்று தெரிந்திருந்தால் அந்த நல்ல வங்கியை விட்டிருக்க வேண்டியதில்லை.

பெயரைச் சொல்லாமல் பிள்ளைகளிடம் சொன்னார். அவர்கள் நீதிபதிகளைப்போல் விசாரித்தார்கள்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இல்ல."

"பெருமூச்சு விட்டீங்களா?"

"வீட்டுக்குப் போய்."

"அப்பப் பாஸ்" என்றான் டேவின். "ஆனா ஹீட்டரா? வேற எதுவுமே கிடைக்கலையா?"

மார்ச் கடைசியில் சுன்னிவா வகுப்புக்குப் பிந்தி வந்தாள். கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்: "அவன் திரும்பவும் கேட்டான், வசந்தகால நடனத்துக்கு. மாட்டேன்னேன். மூஞ்சியத் தொங்கப் போட்டான்."

"அப்புறம்?" என்று வெண்டெல் மெல்லக் கேட்டார்.

"தொங்கட்டும்னு விட்டுட்டு பஸ் ஏறிட்டேன்."

பெட்டினா தன் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டாள். வெண்டெல் ஏதாவது பெரியவர்போல் சொல்ல நினைத்தார். சுன்னிவாவுக்கோ அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. கோட்டைச் சோபாவில் வீசிவிட்டு, "இன்னிக்கு என்ன பாடம்?" என்றாள்.

அன்றைய பாடம் ஆணுறை; விதிகளைப் போன வாரமே சொல்லியாயிற்று, இன்று செய்முறை. மேசையில் மரத்தில் செய்த மாதிரி உறுப்பு தயாராக இருந்தது. வெண்டெல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, பொட்டலத்தை எடுத்தார். விரல் வியர்வையில் அது வழுக்கியது. யோசிக்காமல் பல்லுக்குக் கொண்டுபோனார்.

"பல்லால கிழிக்கக் கூடாது!" என்று ஏழு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.